ஃப்ளாய்ட் ரோஸ் பிரிட்ஜ்: வாங்குவது முதல் செட் செய்வது வரை, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃப்ளாய்ட் ரோஸ் போன்ற லாக்கிங் ட்ரெமொலோ (கம்பிகளைப் பூட்டிப் பிடித்து, வாமி பார் என்ற கைப்பிடியால் சுருதியை ஏற்றி இறக்கும் பிரிட்ஜ்) உள்ள எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கியவர்களும், வாங்கலாமா என்று தயங்குபவர்களும் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகளைத்தான். அவர்கள் கேட்ட வாக்கிலேயே போட்டுப் பதில் தந்திருக்கிறோம். அளவுகள் ஆறு கம்பி ஃப்ளாய்ட் ரோஸ் ஒரிஜினலுக்கானவை. மற்ற மாடல்களில் சின்ன வித்தியாசங்கள் இருக்கும்.

1. சாதா வாமி பாருக்கும் ஃப்ளாய்ட் ரோஸுக்கும் என்னதான் வித்தியாசம்?

சாதா ஸ்ட்ராட் பிரிட்ஜில் பாரை அமுக்கும்போது கழுத்தும் தலையும் சேரும் இடத்தில் கம்பிகள் படியும் துண்டான நட்டின் பள்ளத்திலும் டியூனரில் சுற்றிய இடத்திலும் கம்பி கொஞ்சம் நகர்கிறது. பாரை விட்டதும் அதே இடத்துக்கு வந்து உட்காருவதில்லை. சுருதி கலைவது அங்கேதான். அமெரிக்கரான ஃப்ளாய்ட் ரோஸ் 1970-களின் பிற்பாதியில் நட்டிலும் பிரிட்ஜிலும் கம்பியை இறுக்கிப் பூட்டினார். 1979-இல் காப்புரிமை கிடைத்தது. இரண்டு பூட்டுகளுக்கும் நடுவில் கம்பி நழுவ இடமே இல்லை.

நட்டைப் பூட்டிவிட்டால் தலைப்பக்க டியூனரைத் திருகிப் பயனில்லை. அதனால்தான் பிரிட்ஜிலேயே ஆறு ஃபைன் டியூனர்கள் இருக்கின்றன. இவை முதல் வடிவத்தில் கிடையாது, பின்னால் சேர்ந்தவை.

2. இப்பதான் கத்துக்கிறேன். ஃப்ளாய்ட் இருக்கற கிட்டார் எடுக்கலாமா?

ஒரே டியூனிங்கில்தான் வாசிப்பேன், பாரைக் கீழும் மேலும் போடும் இசைதான் எனக்குப் பிடிக்கும் என்றால் எடுக்கலாம். ஒரு பாட்டுக்கு ஸ்டாண்டர்ட், அடுத்ததற்கு டிராப் டி (தடித்த ஈ கம்பியை மட்டும் டி-க்கு இறக்குவது), இன்னொன்றுக்கு அரை சுருதி கீழே என்று மாற்றிக்கொண்டே இருப்பவர்களுக்கு இது தலைவலி. காரணம் 7-ஆவது கேள்வியில் இருக்கிறது.

இன்னொன்று: மிக மலிவான கிட்டாரில் ஃப்ளாய்ட் இருப்பதைவிட, அதே விலையில் ஃபிக்ஸ்டு பிரிட்ஜ் (அசையாத பிரிட்ஜ்) உள்ளதை எடுப்பது நல்லது. விலையை இறக்க வேண்டுமென்றால் தயாரிப்பாளர் கைவைப்பது முதலில் இரும்பின் தரத்தில்தான்.

3. 'லைசென்ஸ்டு பை ஃப்ளாய்ட் ரோஸ்'னு அடிச்சிருக்கே, அப்ப ஒரிஜினல்தானே?

இல்லை. அந்த வடிவமைப்பைப் பயன்படுத்த அனுமதி வாங்கிய வேறொரு தயாரிப்பாளரின் பிரிட்ஜ் என்பதுதான் பொருள். தரத்துக்கு அது உத்தரவாதம் ஆகாது. ஃப்ளாய்ட் ரோஸ் பெயரிலேயே வருபவற்றில் ஒரிஜினல், கொரியாவில் செய்யும் 1000 வரிசை, ஸ்பெஷல் ஆகிய மூன்றும் அதிகம் கண்ணில் படும். ஸ்பெஷலில் சேடில்கள் (ஒவ்வொரு கம்பியும் உட்காரும் சிறு உறுப்புகள்) துத்தநாகக் கலவை. கம்பியை அளவுக்கு மீறி இறுக்கினால் விரிசல் விடும். வேறு பெயரில் வந்தாலும் ஐபனேஸின் எட்ஜ், லோ ப்ரோ எட்ஜ், கோட்டோவின் ஜிஇ1996டி ஆகியவை நம்பி வாங்கக்கூடியவை.

பழைய கிட்டார் வாங்கப் போகும்போது சின்ன காந்தம் ஒன்றை எடுத்துப் போங்கள். சேடிலில் ஒட்டினால் எஃகு, ஒட்டாவிட்டால் துத்தநாகக் கலவை. அடுத்து, பிரிட்ஜ் இரண்டு ஸ்டட்களில் (உடலில் நிற்கும் தடித்த திருகுகள்) சாய்ந்து நிற்கும் நைஃப் எட்ஜ் விளிம்பை டார்ச் அடித்துப் பாருங்கள். பூச்சு பெயர்ந்து விளிம்பு மழுங்கியிருந்தாலோ, ஸ்டட்டின் கழுத்தில் பள்ளம் விழுந்திருந்தாலோ அந்த பிரிட்ஜ் எவ்வளவு செட் செய்தாலும் சுருதிக்குத் திரும்பாது. விலையைக் குறைத்துக் கேளுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

4. இருக்கற மலிவு பிரிட்ஜைக் கழட்டிட்டு ஒரிஜினல் போட்டா அப்படியே உட்காருமா?

வாங்குவதற்கு முன் மூன்று அளவுகள் எடுக்க வேண்டும். முதலாவது ஸ்டட் இடைவெளி, மையத்திலிருந்து மையம். காலிப்பரை ஒரு ஸ்டட்டின் இடது விளிம்பில் வைத்து அடுத்ததன் இடது விளிம்பு வரை அளந்தால் மைய அளவு தானாக வரும். ஒரிஜினலுக்கு அது 74.3 மி.மீ. இரண்டாவது, பிரிட்ஜுக்கு அடியில் தொங்கும் சஸ்டெய்ன் பிளாக்கின் உயரம்: 32, 37, 42 மி.மீ. என்று வரும். அதிகம் பொருந்துவது 37. மெல்லிய உடலில் 42 போட்டால் பின்மூடிக்கு வெளியே துருத்தும்.

மூன்றாவது நட்டின் அகலம். ஆர்2, ஆர்3 என்று எண் போட்டு விற்பார்கள். ஆர்2 சுமார் 41.3 மி.மீ., ஆர்3 அதைவிட அகலம். எண்ணை மட்டும் நம்பாமல் கழுத்தின் அகலத்தை அளந்து ஒப்பிடுங்கள். இவை மூன்றும் ஒத்துப்போனாலும், மரத்தில் அறைந்திருக்கும் ஸ்டட் குழல்களின் விட்டம் மலிவு மாடல்களில் வேறாக இருக்கலாம். பழைய ஸ்டட்டில் புது பிரிட்ஜை வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். பள்ளம் விழுந்த ஸ்டட் புது விளிம்பையும் கெடுத்துவிடும்.

5. ஃபிக்ஸ்டு பிரிட்ஜ் கிட்டார்ல இதை வைக்க முடியுமா?

முடியும். ஆனால் முன்னும் பின்னும் மரத்தைக் குடைய வேண்டும், நட்டுக்குக் கழுத்திலும் அறுக்க வேண்டும். பிறகு பழைய நிலைக்குத் திரும்ப வழியில்லை. லெஸ் பால் வகைக் கிட்டார்களுக்குக் குடையாமல் மேலே பொருத்த எஃப்ஆர்எக்ஸ் என்ற மாடல் உண்டு. காஹ்லர் என்ற வேறொரு நிறுவனத்தின் ட்ரெமொலோ பிரிட்ஜுக்கும் உடலைத் துளைத்துப் பின்பக்கம் போக வேண்டியதில்லை, மேலே ஆழமில்லாத குடைவு போதும். நல்ல கிட்டாரைக் குடைவதைவிட ஃப்ளாய்ட் உள்ள இன்னொரு கிட்டார் வாங்குவதே மலிவு என்பது எங்கள் எண்ணம்.

6. வீட்லயே பண்ண என்னென்ன டூல் வேணும்?

3 மி.மீ. ஆலன் கீ (நட் பூட்டு, கம்பிப் பூட்டு, ஸ்டட்), 2.5 மி.மீ. ஆலன் கீ (சேடிலைப் பிடித்திருக்கும் திருகு), பின்பக்க ஸ்பிரிங்குகளுக்கு நீளமான ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், கட்டிங் பிளையர், சுருதி பார்க்கும் எலெக்ட்ரானிக் டியூனர். அங்குல அளவு ஆலன் கீயில் நெருக்கமாக உட்காருவதை எடுத்துத் திருகாதீர்கள். தலையின் மூலைகள் உருண்டுபோவது அப்படித்தான்.

7. ஒரு கம்பியை டியூன் பண்ணா மத்த அஞ்சும் மாறுது. பிரிட்ஜ் பழுதா?

பழுதில்லை. பிரிட்ஜ் மிதக்கிறது: முன்பக்கம் ஆறு கம்பிகளும் இழுக்கின்றன, பின்பக்கம் ஸ்பிரிங்குகள் இழுக்கின்றன, நடுவில் தராசு முள் போல பிரிட்ஜ் நிற்கிறது. ஸ்டாண்டர்ட் டியூனிங்கில், 25.5 அங்குல ஸ்கேலில் (நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை கம்பியின் நீளம்), 9-42 செட் (மெல்லிய கம்பி 0.009, தடித்தது 0.042 அங்குலம்) மொத்தமாக ஏறக்குறைய 39 கிலோ இழுக்கும். 10-46 சுமார் 47 கிலோ. ஒரு கம்பியை ஏற்றினால் பிரிட்ஜ் அந்தப் பக்கம் சாயும், மற்றவை தளர்ந்து சுருதி இறங்கும்.

இந்தப் பக்கத்தில் இனி வரும் பாதிப் பதில்களுக்கு அடிப்படை இதுதான். கம்பியின் தடிமன், டியூனிங், ஸ்பிரிங் எண்ணிக்கை ஆகியவற்றில் எதை மாற்றினாலும் மறுபக்கத்தையும் மாற்றியே ஆக வேண்டும்.

8. சரி, முதல்லேர்ந்து செட் பண்ணணும். எதை முதல்ல தொடணும்?

வரிசை முக்கியம். கழுத்தின் வளைவு முதலில். அந்த வளைவைச் சரிசெய்யும், கழுத்துக்குள் இருக்கும் டிரஸ் ராடைக் கடைசியில் தொட்டால் எல்லாமே மறுபடி. அடுத்து ஸ்டட் உயரம் (12-ஆவது கேள்வி). பிறகு ஆறு ஃபைன் டியூனர்களையும் நடுவில் வையுங்கள். நட் பூட்டின் மூன்று தகடுகளையும் கழற்றி வைத்துவிடுங்கள்.

இப்போது பின்மூடியைத் திறந்தால் சஸ்டெய்ன் பிளாக்கும், ஸ்பிரிங்குகள் மாட்டிய கிளாவும் தெரியும். பிரிட்ஜின் தட்டு உடலுக்கு இணையாக நிற்கும்படி கையால் பிடித்துக்கொண்டு, பிளாக்குக்கும் கிட்டாரின் வால்பக்கச் சுவருக்கும் நடுவில் உள்ள சந்தை அளந்து, அதே தடிமனில் ஒரு மரத்துண்டைச் செருகுங்கள். மரம் இல்லாவிட்டால் பழைய ஏடிஎம் கார்டுகளை அடுக்கியும் செருகலாம். கிளாவின் இரண்டு திருகுகளையும் சில சுற்று தளர்த்துங்கள். இனி கம்பிகள் எவ்வளவு இழுத்தாலும் பிரிட்ஜ் முன்னால் சாயாது. ஃபிக்ஸ்டு பிரிட்ஜ் போலவே நிம்மதியாக ஆறையும் சுருதி சேர்த்து, கம்பிகளை இழுத்து விட்டு, மறுபடி சேர்க்கலாம்.

சுருதி நின்றதும் கிளாவின் திருகுகளை மாறி மாறி அரைச் சுற்று இறுக்கிக்கொண்டே வாருங்கள். ஒரு கட்டத்தில் துண்டு தளர்ந்து தானாக விழும். அந்த இடத்தில் நிறுத்துங்கள். ஸ்பிரிங்கும் கம்பியும் சமமாகிவிட்டன, பிரிட்ஜ் இணையாக நிற்கிறது, சுருதியும் கிட்டத்தட்ட சரியாக இருக்கும். துண்டில்லாமல் செய்தால் டியூன் செய், சாய்வைப் பார், கிளாவைத் திருகு, மறுபடி டியூன் செய் என்று பத்துச் சுற்றாவது போகும். கிளாவில் பற்றவைத்திருக்கும் எர்த் வயர் அறுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அறுந்தால் ஆம்ப்பில் இரைச்சல் வரும்.

கடைசியாக இன்டொனேஷன், அதாவது மேல் ஃப்ரெட்களிலும் சுருதி சரியாக வரச் செய்வது (13), அதன் பிறகுதான் நட் பூட்டு.

9. கம்பி மாத்தறதுன்னாலே பயமா இருக்கு. ஒழுங்கா எப்படிப் பண்றது?

நட் பூட்டைத் திறங்கள். ஃபைன் டியூனர் இருக்கும் பின்பகுதிக்கு அடியில் மடித்த துணியோ மரத்துண்டோ வைத்தால், கம்பி போனதும் பிரிட்ஜ் பின்னால் சரிந்து குழிக்குள் விழாது. முந்தைய பதிலில் சொன்ன துண்டு வேறு இடம், வேறு வேலை, குழப்பிக்கொள்ள வேண்டாம். ஃப்ரெட் போர்டைத் துடைக்க வேண்டாமென்றால் ஒவ்வொன்றாகவே மாற்றுங்கள்.

புதுக் கம்பியின் உருண்டை முனையை, அதை ஒட்டிய முறுக்கலும் போகும்படி வெட்டுங்கள். முறுக்கல் பாக்கியிருந்தால் பிடிப்பு சரியாக விழாது. வெட்டிய முனையைச் சேடிலுக்குள் அடிவரை நேராக இறக்கி, பின்னாலுள்ள நீளத் திருகை இறுக்குங்கள். உள்ளே இருக்கும் சின்ன இரும்புக் கட்டை கம்பியை நசுக்கிப் பிடிக்கும். ஆலன் கீயின் நீளக் கையைத் திருகில் விட்டு, குட்டைக் கையைப் பிடித்துத் திருகினால் வலு மிஞ்சிப் போகாது. வெட்டப் பிடிக்காதவர்கள் உருண்டை முனை டியூனர் பக்கம் இருக்கும்படி தலைகீழாகக் கோத்து, மறுமுனையைச் சேடிலில் பூட்டுவார்கள். அதில் எந்தக் குறையும் இல்லை.

10. டியூன் எல்லாம் பக்காவா இருக்கு, நட்டைப் பூட்டினதும் சுருதி ஏறிடுது. ஏன்?

நட்டின் மேற்பரப்பு பின்பக்கமாகச் சரிந்திருக்கும். கம்பி அந்தச் சரிவில் படியாமல் அந்தரத்தில் நின்றால், பூட்டுத் தகடு அதைக் கீழே அமுக்கும்போது கம்பி இழுபட்டுச் சுருதி ஏறும். நட்டுக்குப் பின்னால் தலையில் குறுக்காக இருக்கும் கம்பி அமுக்கும் பட்டையைக் கீழே இறக்குங்கள். தகடு இல்லாமலேயே ஆறு கம்பிகளும் நட்டின் முன்விளிம்பு முதல் பின்விளிம்பு வரை படிந்திருக்க வேண்டும். தலை நன்றாகப் பின்னால் சாய்ந்த கிட்டார்களில் அந்தப் பட்டை இல்லாமலும் வரும், அது குறையல்ல.

பட்டையை இறக்கியதும் 8-இல் செய்த டியூனிங் கொஞ்சம் கலையும், திரும்பச் சேருங்கள். பிறகும் இரண்டு மூன்று சென்ட் (ஒரு சென்ட் என்பது அரை சுருதியில் நூறில் ஒரு பங்கு) ஏறுவது இயல்பு, அதற்குத்தான் ஃபைன் டியூனர்.

11. ஃபைன் டியூனர் முழுசா உள்ள போயிடுச்சு, இன்னும் சுருதி குறையா இருக்கு

நட்டைத் திறந்து, ஃபைன் டியூனரை நடுவுக்குக் கொண்டுவந்து, தலைப்பக்க டியூனரில் சேர்த்து, மறுபடி பூட்டுங்கள். இரண்டு நாளைக்கொரு முறை இது நடந்தால் புதுக் கம்பியைச் சரியாக இழுத்து விடவில்லை, அல்லது எங்கோ நழுவுகிறது. 14-ஐப் பாருங்கள்.

12. ஆக்‌ஷன் குறைக்க ஒவ்வொரு சேடிலா இறக்க முடியாதா?

முடியாது. சேடில்களின் உயரம் நிலையானது: நடு இரண்டும் உயரம், ஓரத்து இரண்டும் தாழ்வு. ஆக்‌ஷனை, அதாவது ஃப்ரெட்டுக்கு மேல் கம்பி நிற்கும் உயரத்தை, கூட்டிக் குறைப்பது இரண்டு ஸ்டட்களில்தான். ஃப்ரெட் போர்டின் வளைவோடு ஒத்துப்போகாவிட்டால் குறிப்பிட்ட சேடிலுக்கு அடியில் 0.2 மி.மீ. போன்ற மெல்லிய தகடு வைக்கலாம்.

கம்பிகள் முழு இழுவிசையில் இருக்கும்போது ஸ்டட்டைத் திருகாதீர்கள். நைஃப் எட்ஜ் அத்தனை கிலோ அழுத்தத்தோடு ஸ்டட்டில் உராயும், இரண்டும் தேயும். ஆறு கம்பிகளையும் தளர்த்திவிட்டுக் கால் சுற்று கால் சுற்றாகத் திருகுங்கள். ஸ்டட்டுக்குள் பூட்டுத் திருகு உள்ள மாடல் என்றால் முதலில் அதைத் தளர்த்த வேண்டும். திறந்த கம்பி மட்டும் முதல் ஃப்ரெட்டில் இரைந்தால் பிரச்சினை ஸ்டட்டில் இல்லை, நட்டுக்கு அடியில் தகடு வைக்க வேண்டும்.

13. இன்டொனேஷன் திருகே இல்லையே, எப்படி அட்ஜஸ்ட் பண்றது?

ஒவ்வொரு சேடிலின் முன்பக்கமும், கம்பிக்கு அடியில், ஒரு 2.5 மி.மீ. ஆலன் திருகு அதைத் தட்டோடு சேர்த்துப் பிடித்திருக்கிறது. நட் திறந்திருக்கும்போதே இதைச் செய்யுங்கள். 12-ஆவது ஃப்ரெட்டில் அமுக்கி வாசிக்கும் சுருதி, அதே இடத்தின் ஹார்மோனிக்கைவிட ஏறியிருந்தால் சேடில் பின்னால் போக வேண்டும். இறங்கியிருந்தால் கழுத்துப் பக்கம் வர வேண்டும். கம்பியை நன்றாகத் தளர்த்தி, திருகைத் தளர்த்தி, சேடிலை அரை மி.மீ. போல நகர்த்தி, இறுக்கி, டியூன் செய்து பாருங்கள்.

கம்பியைத் தளர்த்தாமல் திருகைக் கழற்றினால் சேடில் விசுக்கென்று முன்னால் பாயும். எவ்வளவு நகர்த்தினோம் என்பது தெரியாமல் போவதோடு, விரலும் நசுங்கும். தொடங்குவதற்கு முன் சேடில்கள் இருந்த நிலையை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. தேய்ந்த கம்பியில் இன்டொனேஷன் பார்ப்பது வீண் வேலை.

14. எல்லாம் பண்ணியாச்சு. ஆனா பார் போட்டா சுருதி திரும்ப வரலை!

முதலில் ஒன்றைக் கவனியுங்கள்: கலைவது ஒரு கம்பியா, ஆறுமா?

ஒரே கம்பி என்றால் பூட்டில் நழுவுகிறது. சேடிலில் நழுவினால் அந்தக் கம்பியின் சுருதி இறங்கவே செய்யும். நட்டில் நழுவினால், பாரை அமுக்கிவிட்ட பிறகு ஏறும், மேலே இழுத்துவிட்ட பிறகு இறங்கும். நட் தகடுகளைத் திருப்பிப் பாருங்கள்; அடியில் கம்பி பதிந்த ஆழமான கோடு இருந்தால் தகட்டை மாற்றுங்கள். சேடிலுக்குள் இருக்கும் கட்டையில் குழி விழுந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். இரண்டும் தனியாகக் கிடைக்கும் மலிவான பாகங்கள்தான்.

ஆறும் சேர்ந்து கலைந்தால் பூட்டுகளை விட்டுவிட்டு ஸ்டட் பக்கம் வாருங்கள். அமுக்கிய பிறகு எல்லாம் சற்று இறங்கியே நின்று, மேலே ஒரு இழுப்பு இழுத்ததும் ஏறி நின்றால் அது உராய்வு: மழுங்கிய நைஃப் எட்ஜ் அல்லது தேய்ந்த ஸ்டட். ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெயோ துளி வாஸ்லினோ அங்கே வைத்தால் தற்காலிகமாகச் சரியாகும். ஸ்டட்டை விரலால் பிடித்து ஆட்டியும் பாருங்கள். பாஸ்வுட் போன்ற மென்மரத்தில் குழல் தளர்ந்து ஸ்டட் முன்னால் சாய்ந்திருக்கும். அப்படியென்றால் குழலை எடுத்துத் துளையை மரக்குச்சியும் பசையும் கொண்டு அடைத்து மறுபடி துளைக்க வேண்டும். கை பழகாதவர்கள் கிட்டார் செய்து பழுதுபார்க்கும் லூதியரிடம் கொடுத்துவிடலாம்.

15. ஒரு கம்பியை பெண்ட் பண்ணா மத்தது இறங்குது. பாம் மியூட் பண்ணா ஏறுது. இதுவும் பழுதா?

7-இல் சொன்ன அதே தராசுதான். மிதக்கும் பிரிட்ஜில் இதை முழுதாக ஒழிக்க முடியாது. ஸ்பிரிங் கூட்டினாலும் போகாது. பாம் மியூட்டில், அதாவது ஒலியை அடக்க உள்ளங்கையை வைக்கும்போது, கையை பிரிட்ஜில் சாய்க்காமல் கம்பியில் மட்டும் வைக்கப் பழகுங்கள். பெண்டோடு இன்னொரு கம்பியையும் சேர்த்து வாசிப்பது உங்கள் பாணி என்றால் அடுத்த பதிலைப் படியுங்கள்.

16. ஃப்ளாய்ட் வெச்சுக்கிட்டே டிராப் டி போக வழி இருக்கா?

பிரிட்ஜ் மேலே இழுபடாமல், கீழே அமுக்க மட்டும் முடியும்படி செய்தால் இருக்கிறது. சஸ்டெய்ன் பிளாக்கின் கழுத்துப் பக்கம் மரத்துண்டை வைத்துத் தடுத்து, பிளாக் அதன் மேல் அழுந்தி நிற்கும் வரை கிளாவை இன்னும் இறுக்குங்கள். இப்போது தடித்த ஈ கம்பியை டி-க்கு இறக்கினாலும் மற்றவை அசையாது. கம்பி அறுந்தாலும் மற்ற ஐந்தும் சுருதியில் நிற்கும். ஈ கம்பியை நொடியில் டி-க்கு இறக்க டி-ட்யூனா என்ற சின்ன உறுப்பு விற்கிறது. மிதக்கும் பிரிட்ஜில் அதை மாட்டிவிட்டு வேலை செய்யவில்லை என்று திட்டுபவர்கள் நிறைய.

பார் சற்றுக் கனக்கும், மேலே இழுக்கும் வித்தை போய்விடும். இரண்டும் வேண்டுமென்றால் ஸ்பிரிங் இடத்தில் மாட்டும் ட்ரெமொல்-நோ போன்றவற்றில் மிதப்பது, அமுக்க மட்டும், முழுப் பூட்டு என்று மாற்றிக்கொள்ளலாம்.

17. 9-லேர்ந்து 10 செட்டுக்கு மாறினேன், பிரிட்ஜ் பின்பக்கம் தூக்கிட்டு நிக்குது

கூடுதலாக வந்த எட்டு கிலோவுக்கு ஸ்பிரிங் ஈடு கொடுக்கவில்லை. 8-இல் சொன்னபடி கிளாவை இறுக்குங்கள். கிளா சுவரில் முட்டிவிட்டால் மூன்று ஸ்பிரிங்கை நான்காக்குங்கள். பின்பக்கம் அமுங்கி நின்றால் இதற்கு நேர் எதிர்.

18. பார் லொடலொடன்னு ஆடுது, ஸ்பிரிங் வேற ரீங்காரம் பண்ணுது

பாரின் கழுத்தில் திருகும் காலர் இருந்தால் அதைக் கையால் இறுக்குங்கள், பிளையர் வேண்டாம். ஸ்பிரிங்குகளுக்கு அடியில் சிறு ஸ்பாஞ்சுத் துண்டு வைத்தால் ரீங்காரம் அடங்கும்.

19. கம்பிப் பூட்டுத் திருகு துருப்பிடிச்சு, ஆலன் கீ உள்ள சுத்துது. எப்படி எடுக்கறது?

கடற்கரை ஊர்க் காற்றிலும் கை வியர்வையிலும் முதலில் துருப்பிடிப்பது இந்தத் திருகுகள்தான். துருவைத் தளர்த்தும் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். எண்ணெய் மரத்தில் வழியாமல் அடியில் துணி வையுங்கள். மறுநாள், துளையைவிடச் சற்றுப் பெரிய டார்க்ஸ் பிட்டை மெதுவாகத் தட்டி உள்ளே இறக்கித் திருகினால் பெரும்பாலும் வந்துவிடும். தட்டும்போது பிரிட்ஜ் ஸ்டட்டில் இருக்கக் கூடாது. கழற்றி, சேடிலை வெளியே எடுத்து, மேஜைமேல் வைத்துத் தட்டுங்கள். இல்லையென்றால் அடி முழுவதும் நைஃப் எட்ஜில் விழும்.

புதுத் திருகு போடும்போது எஃகில் செய்ததா என்று பார்த்து வாங்குங்கள். கம்பி மாற்றும் ஒவ்வொரு முறையும் அதன் மரையில் ஒரு துளி எண்ணெய் தொட்டு வையுங்கள். கம்பியைப் பிடிக்கும் கட்டையில் மட்டும் எண்ணெய் படக் கூடாது, நழுவும்.